ஏர்போர்ட் டாக்ஸுக்கு ஐந்நூறு பாட்

டிராவல்ஸ் தொழிலில் பாதி வேலை டிக்கெட் போடுவது. மீதிப் பாதி, டிக்கெட்டோடு போனவர் ஒழுங்காகத் திரும்பி வருகிறாரா என்று போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது.

வெளிநாட்டுக்குப் போய்விட்டு ஊர் திரும்பும் நாளில், கையிலிருந்த கடைசி நோட்டுக்கும் சாக்லேட் வாங்கிவிட்டு, ஏர்போர்ட்டில் “இன்னும் ஒரு பணம் கட்ட வேண்டும்” என்று யாரோ ஒருவர் கை நீட்ட, திருதிருவென்று விழித்த அனுபவம் உங்களுக்கு இருக்கலாம். இருந்தால் நீங்கள் என் கட்சி. நீங்கள் அங்கே விழித்துக்கொண்டு நின்ற அதே நேரத்தில், உங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த யாரோ ஒரு ஸ்டெல்லா இங்கே திட்டு வாங்கிக்கொண்டிருந்திருப்பாள். அந்த ஸ்டெல்லா நான்தான்.

மேற்குத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிடு தூரத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். முதலாளி தேவராஜ் சார். நான் முதலில் ஆறு வருஷம் ரயில் டிக்கெட் மேஜையில் இருந்தேன். காலையில் ரிசர்வேஷன் வரிசையில் நிற்பதும், வெயிட்டிங் லிஸ்ட் நகரவில்லை என்று வருகிறவர்களைச் சமாதானம் பண்ணுவதும்தான் வேலை. ஜன்னலோரம் வெளிநாட்டு மேஜையில் இருந்தவர் வேலையை விட்டுப் போனதும், அது எனக்குத்தான் என்று நானே போய்க் கேட்டேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு வம்பு என்றார் சார். ஆறு வருஷமாக வெயிட்டிங் லிஸ்ட்காரர்களிடம் வாங்காத வம்பா என்று நானும் விடவில்லை. மேஜை கிடைத்தது, சம்பளமும் கூடியது. ரயில் மேஜைக்குக் கணபதி என்று ஒரு பையனைப் போட்டார்கள். வயது முப்பது, ஆனால் ஆபீஸில் எல்லோருக்கும் அவன் பையன்தான். அவனுக்கும் என் ஜன்னல் மேல் ஒரு கண் உண்டு.

வெளிநாட்டு டிக்கெட்டில் ஒரு சிக்கல் இருந்தது. நம் ஊர் வரியை எல்லாம் டிக்கெட் காசோடு சேர்த்தே வாங்கிவிடுவோம். ஆனால் சில நாடுகளில், அவர்கள் ஏர்போர்ட்டைவிட்டுக் கிளம்பும்போது, அவர்கள் ஊர்ப் பணத்தில் அங்கேயே தனியாக ஒரு வரி கட்ட வேண்டும். பாங்காக்கில் தலைக்கு ஐந்நூறு பாட். கட்டினால் ஒரு சீட்டு தருவார்கள், சீட்டு இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். இதைப் பயணிக்குச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. நான் எல்லோருக்கும் சொன்னேன். அவர்கள் என்ன கேட்டார்கள் என்பது வேறு விஷயம்.

மச்சான் கார்

ஜாபர் பாய் பம்மலில் தோல் கையுறை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். புது மேஜையில் எனக்குக் கிடைத்த முதல் பாங்காக் பயணி அவர்தான். மிஷின் சத்தத்துக்கு நடுவில் போனை எடுத்தவரிடம், “பாய், திரும்பி வரும்போது ஏர்போர்ட் டாக்ஸுக்கு ஐந்நூறு பாட் தனியா எடுத்து வெச்சிடுங்க” என்றேன். அதெல்லாம் வேண்டாம்மா, மச்சான் அங்கேதான் இருக்கார், அவர் பார்த்துக்குவார் என்றார். மச்சான் தாராளமான மனுஷர் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் போன் வந்தது. எடுத்தது தேவராஜ் சார். அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எழுந்து பக்கத்தில் போய் நின்றேன். பாய் பாங்காக் ஏர்போர்ட்டில் நிற்கிறார். மீதி இருந்த பாட் எல்லாவற்றையும் பேத்திக்குப் பொம்மையாக மாற்றிவிட்டார். நம் ரூபாயை அந்தக் கவுண்டரில் வாங்கவில்லை. கொண்டுவந்து விட்ட மச்சான் பாதி தூரம் போய்விட்டார். நான் “டாக்ஸ்” என்று சொன்னதை மனுஷர் “டாக்ஸி” என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். சொந்தக்காரர் கார் இருக்கும்போது வாடகைக் கார் எதற்கு என்பது அவர் நியாயம்.

மச்சானைத் திரும்ப வரவழைத்து, பணம் கட்டி, கடைசி ஆளாக ஓடிப்போய் ஏறினார் பாய். அன்று சாயங்காலம் தேவராஜ் சார் என்னைக் கூப்பிட்டுச் சுருக்கமாகப் பேசினார். இன்னொரு தடவை வெளிநாட்டு ஏர்போர்ட்டிலிருந்து இந்த மாதிரி ஒரு போன் வந்தால் மேஜை கணபதிக்கு, நான் பழையபடி ரயிலுக்கு. கணபதி பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தான். அன்று தேவையில்லாமல் நாலு பென்சில் சீவினான். எனக்குப் பயமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. நான் சரியாகத்தானே சொன்னேன்?

மறுவாரம் பாய் கோபத்தோடு மாடியேறி வந்தார். என்னைப் பார்த்ததும் கோபம் பாதியானது. ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். “ஏம்மா, கார்ல வந்து எறங்குனவன்கைல டாக்ஸிக்குக் காசு குடுன்றானே, அது இன்னா ஊரும்மா?”

எந்த வரி?

இங்கிலீஷ்தான் குற்றவாளி என்று முடிவு பண்ணினேன். இனிமேல் சுத்தத் தமிழில் சொல்வது, அதையும் டிக்கெட் உறையின் மேல் எழுதியே கொடுப்பது என்று தீர்மானித்தேன். “விமான நிலைய வரி தனி” என்று முத்து முத்தாக எழுதினேன். என் கையெழுத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்து வந்தவர் சேலையூர் வேங்கடேசன் சார். தபால் ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் கடிதம் பிரித்து ஓய்வு பெற்றவர். பாங்காக்கில் வேலையாக இருக்கும் மகளைப் பார்க்க மனைவியோடு போகிறார். வெளிநாட்டுப் பயண வரியை எடுத்துவிட்டார்கள் என்ற பேப்பர் செய்தியைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அது நம் ஊர் வரி சார், நான் சொல்வது அவர்கள் ஊர் வரி என்று விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு சேலையூர் கேம்ப் ரோடு பஸ் ஏறிப் போனார். இவர் தேறிவிட்டார் என்று நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் ஆபீஸ் திறக்கும் முன்பே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கையில் பூதக்கண்ணாடி. டிக்கெட்டின் பின்பக்கத்தில் எறும்பு சைஸில் அடித்திருக்கும் நிபந்தனைகள் மொத்தத்தையும் படித்திருக்கிறார். இத்தனை வருஷத்தில் அதைப் படித்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். சாமான் தொலைந்தால் என்ன, விமானம் தாமதமானால் என்ன, எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் அவர் முகத்தில் ஒரு குறை தெரிந்தது. தேவராஜ் சார் காதில் விழும்படி நிதானமாக, மரியாதையாகச் சொன்னார். “மேடம், முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் ரெண்டு தடவை செக் பண்ணிட்டேன். நீங்க எழுதியிருக்கிற விமான நிலைய வரி மட்டும் இதுல மிஸ்ஸிங்.”

ரசீது

வேங்கடேசன் சாருக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்தி அனுப்பினேன். சொன்னதைச் சரியாகச் செய்து வந்தார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு “வரி” என்று மொட்டையாகச் சொல்லாமல் “கவர்ன்மெண்டுக்குக் கட்டுற வரி” என்று சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். இதில் யாரும் வழுக்க முடியாது என்று நினைத்தேன்.

கோவளத்திலிருந்து அந்தோணியம்மாள் வந்தார். கருவாட்டு வியாபாரம். கொழும்பில் இருக்கும் மகளுக்குப் பிரசவம். பஸ்ஸில் வந்து இறங்கி, மாடியேறி, விசிறிக்கு அடியில் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். கவர்ன்மெண்டு வரி கட்டினால்தான் கொழும்பு ஏர்போர்ட்டிலிருந்து திரும்ப விடுவார்கள், சீட்டு கேட்பார்கள் என்றேன். “சீட்டு தானே? கீது” என்றார். அந்த “கீது” எனக்கு உறுத்தியது. அடிபட்ட அனுபவத்தால் எடுத்துக் காட்டச் சொன்னேன்.

மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் இன்னொரு பை. அதற்குள் நாலாக மடித்த காகிதங்கள். பஞ்சாயத்தில் வீட்டு வரி கட்டிய ரசீது, வருஷவாரியாக. ஒரு வருஷம்கூட விட்டுப்போகவில்லை. சொந்த ஊரில் நாணயமாக இருப்பவர்களைத்தான் அந்த நாடு திருப்பி அனுப்பும் என்று அவர் புரிந்துகொண்டிருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அது ஒன்றும் கெட்ட சட்டமாகத் தோன்றவில்லை. இது வேற, அங்கே போய் அங்கே கட்டணும் என்று நான் சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. “இன்னா கண்ணு நீ? என் வூடு இங்க கீது. அதுக்கு இங்க கட்டியாச்சு. பொண்ணு வூட்டுக்கு மருமவன் கட்டுறான். நடுவுல எந்த வூட்டுக்கு நான் கட்டணும்?”

ஒரு லட்சம்

குரோம்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த நாகராஜன் சார், புதிதாகக் கல்யாணமான மகனையும் மருமகளையும் பாலித் தீவுக்கு அனுப்ப முடிவு செய்தார். சிங்கப்பூர் எல்லோரும் போகிறார்கள், நம் பையன் வேறு எங்காவது போகட்டும் என்று சம்பந்தி வீட்டார் முன்னால் வாய்விட்டுவிட்டாராம். செலவெல்லாம் அவருடையது என்பதால் பேச வந்ததும் அவரே.

இந்தத் தடவை நான் வார்த்தையில் கோட்டைவிடவில்லை. டாக்ஸி இல்லை, எழுத்து வரி இல்லை, வீட்டு வரி இல்லை, ஏர்போர்ட்டில் ஆளுக்கு ஒரு முறை கட்டுகிற கட்டணம் என்று வரிசையாகச் சொல்லி முடித்தேன். அவர் அழகாகப் புரிந்துகொண்டு, எவ்வளவு என்று கேட்டார். “ஆளுக்கு ஒரு லட்சம் ரூப்பியா சார்” என்றேன்.

அந்த ஊர்ப் பணத்தின் பெயர் ரூப்பியா. நம் கணக்கில் ஆளுக்கு ஐந்நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் வரும். இதை அடுத்த வாக்கியத்தில் சொல்வதாகத்தான் இருந்தேன். அதற்குள் அவர் எழுந்து நின்றுவிட்டார். நான் சொன்ன “ரூப்பியா” அவர் காதுக்குள் “ரூபாயா” என்று போய், என்னமோ நானே அவரிடம் கேள்வி கேட்கிற மாதிரி ஆகிவிட்டது. ஆமாம், ரூபாயிலதான் கேக்கிறேன் என்றார். ஆமா சார், ரூப்பியாதான் என்றேன். இப்படி நாலு தடவை இருவரும் ஒருவருக்கொருவர் உறுதிப்படுத்திக்கொண்டோம். கணபதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

கடைசியில் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டி அவரை உட்காரவைத்தேன். ஆனால் நடுவில் அவர் படிக்கட்டு வரைக்கும் போய்த் திரும்பி நின்று சொன்னதை அந்த மருந்துக் கடைக்காரர்கூட ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். “போறதுக்கு முப்பதாயிரம், வர்றதுக்கு ரெண்டு லட்சமா? அப்போ ஒரு வழி டிக்கெட் போடுங்க மேடம். அங்கயே குடித்தனம் பண்ணட்டும்.”

வரும்போது பிரிக்கவும்

பேச்சால் இது நடக்காது என்று தெரிந்துபோயிற்று. அப்போதுதான் பம்மல் பட்டறைக்காரர்கள் பதினொரு பேர் தோல் சாமான் கண்காட்சிக்காகச் சேர்ந்து பாங்காக் போக வந்தார்கள். தலைவர் நம் ஜாபர் பாய். தேவராஜ் சாருக்கு அந்த வருஷத்தின் பெரிய பார்ட்டி அது. பதினொரு பேர், பதினொரு காது, எது எப்படி விழுமோ என்ற பதைப்பில் நான் ஒரு வேலை செய்தேன். பணம் மாற்றும் கடையில் பதினொரு ஐந்நூறு பாட் நோட்டு வாங்கி, ஆளுக்கு ஒன்று கவரில் போட்டு ஒட்டி, டிக்கெட்டோடு பின் அடித்துவிட்டேன். காசை அவர்கள் பில்லிலேயே சேர்த்துவிட்டேன். இனி யாரும் எதையும் புரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. கவரின் மேல் “வரும்போது பிரிக்கவும்” என்று மட்டும் எழுதினேன். சார் பார்த்துவிட்டு, இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்றார். கணபதி முகம் சுருங்கியது. அந்த ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

அவர்கள் திரும்புகிற நாள் காலை பதினோரு மணிக்குப் போன் அடித்தது. தாம்பரம் விமானப் படைத் தளத்து விமானம் ஒன்று எங்கள் கூரைக்கு மேலே உறுமிக்கொண்டு போனதால் முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அது போனதும், ஓட்டலிலிருந்து பேசுகிறேன் என்று ஜாபர் பாய் குரல் கேட்டது. தேவராஜ் சார் ஸ்பீக்கரைப் போடச் சொன்னார். பத்துப் பேரிடமும் நோட்டு இல்லை என்றார் பாய். அவரிடம் மட்டும்தான் இருக்கிறதாம். மற்றவர்கள் எல்லாம் ஓட்டலில் கால் வைத்த முதல் நாளே கவரைப் பிரித்து, நல்ல ஓட்டலாகப் பார்த்துப் போய் மீன் சாப்பிட்டிருக்கிறார்கள். டிராவல்ஸ்காரங்க கைச்செலவுக்கு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், நல்ல கம்பெனி என்று என்னை வாழ்த்தி வேறு இருக்கிறார்கள்.

சார் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்து, “சார், இது ஏர்போர்ட் போன் இல்லை, ஓட்டல் போன்” என்றேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை. பாய் அதைக் கேட்டுவிட்டு அந்தப் பக்கம் சிரித்தார். பயப்படாதே, ஆளுக்கு ஐந்நூறு வசூல் பண்ணி என் பையில் போட்டாச்சு, பட்டது நான்தானே, மற்றவன் படுவதற்கு விடுவேனா என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் போன் பண்ணியது பணத்துக்காக இல்லை, பத்துப் பேர் சுற்றி நின்றுகொண்டு ஒரு விஷயம் கேட்கச் சொன்னார்களாம். நான் இங்கே தாம்பரத்தில் உட்கார்ந்து எழுதியதால் எனக்கு “வரும்போது” என்றால் சென்னைக்கு வரும்போது. அதை அவர்கள் பாங்காக்கில் நின்று படித்தார்கள். பாய் அவர்கள் சார்பில் கேட்டார். “வரும்போது பிரின்னு எழுதிக்கீறே. வந்தோம், பிரிச்சோம். இதுல பசங்க மேல இன்னாம்மா தப்பு?”

எல்லாம் அடக்கம்

அதற்கப்புறம் கவரில் “சென்னைக்குக் கிளம்பும் நாள், பாங்காக் ஏர்போர்ட்டில் பிரிக்கவும்” என்று எழுதினேன். ஒரு போன்கூட வரவில்லை. மாதங்கள் போயின. தொழிலைப் பிடித்துவிட்டேன் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில், பாங்காக்கில் அந்த வரியை டிக்கெட்டிலேயே சேர்த்துவிட்டார்கள். மற்ற ஊர்களும் ஒவ்வொன்றாக அப்படியே மாறும் என்றார்கள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தேவராஜ் சார் அதை வேறு மாதிரி யோசித்தார். இனிமேல் விளக்கிச் சொல்ல ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டரில் தட்டினால் டிக்கெட் வந்துவிடும், வெளிநாட்டு மேஜையைக் கணபதியே பார்த்துக்கொள்வான், ரயிலில்தான் கூட்டம் தாங்கவில்லை, நீ அங்கே வந்தால் நல்லது என்றார். திட்டி அனுப்பியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். ஒரு தப்பும் செய்யாமல், தப்பு நடக்கவே வழியில்லாமல் போனதால் மேஜை போனது. எவ்வளவு கேவலமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அழுதால் கணபதி பார்ப்பான் என்பதற்காக அழவில்லை. தண்ணீர் பாட்டிலையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ரயில் மேஜைக்குப் போனேன்.

கணபதி முதல் வேலையாக ஒரு அட்டையில் “வெளிநாட்டு டிக்கெட், எல்லாம் அடக்கம்” என்று எழுதிச் சுவரில் ஒட்டினான். எங்கள் வீட்டில் அடக்கம் என்றால் கல்லறைத் தோட்டம்தான் ஞாபகம் வரும். பிரயாணம் போகிறவர் கண்ணில் படும்படி இப்படியா எழுதுவது என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. என் மேஜை இல்லை என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் சேலையூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த சீனிவாசன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நாலு பேர் பாங்காக் போனார்கள். நாலாம் நாள் மத்தியானம் போன். கணபதி எடுத்தான், ரெண்டே நிமிஷத்தில் வேர்த்துவிட்டது. அவர்கள் ஓட்டலைக் காலி பண்ணி வாசலுக்கு வந்திருக்கிறார்கள், ஓட்டல்காரர் பில்லை நீட்டியிருக்கிறார். அறைக்கு அங்கேதான் பணம் கட்ட வேண்டும், அப்படித்தான் புக் பண்ணியது. சீனிவாசன் டிக்கெட்டைக் காட்டி, எல்லாம் அடக்கம் என்கிறார். ஓட்டல்காரர் பெட்டிகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். சாயங்காலம் விமானம். பிள்ளைகள் அழுகிற சத்தம் போனிலேயே கேட்டது. கணபதி டாக்ஸ் என்கிறான், இன்க்ளூடட் என்கிறான், ரூம் ரென்ட் என்கிறான், சர்வீஸ் சார்ஜ் என்கிறான். அந்தப் பக்கம் சீனிவாசன், “அதான் சார் போர்டுலேயே போட்டிருக்கீங்களே” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். தேவராஜ் சார் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். ஆனால் போனை வாங்கவில்லை.

நான் எழுந்து போய்க் கையை நீட்டினேன். கணபதி கொடுத்தான். சீனிவாசனிடம் ஒன்றும் பேசாமல், வீட்டம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அந்தக் குடும்பத்தில் பணம் யார் கையில் இருக்கும் என்பது சேலையூர் கேம்ப் ரோடில் எல்லோருக்கும் தெரியும். “அக்கா, டிக்கெட்டு பிளேனுக்கு மட்டும்தான். நீங்க மூணு நாள் தங்குன ரூமுக்கு வாடகை குடுக்கணும். வாடகை குடுக்கலேன்னா வூட்டுக்காரர் சாமானைப் பிடிச்சு வெப்பார்ல?” என்றேன். அந்தப் பக்கம் கைப்பையின் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் வாடகை வீட்டில் இருக்கிறோம், வாடகைன்னு சொல்லியிருந்தா முதலிலேயே கொடுத்திருப்போமே என்று அந்த அம்மா சீனிவாசனைத் திட்டுவதும் கேட்டது. பத்து நிமிஷத்தில் பெட்டிகள் வெளியே வந்தன. சாயங்கால விமானத்தை நாலு பேரும் பிடித்தார்கள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கணபதி சுவரிலிருந்த அட்டையைக் கிழித்துக் கூடையில் போட்டான். ரயில் மேஜைக்குப் போய் என் தண்ணீர் பாட்டிலையும் பேனாவையும் எடுத்து வந்து ஜன்னலோர மேஜையில் வைத்தான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. தேவராஜ் சார் பார்த்தார். பார்த்துவிட்டு உட்கார்ந்து ஏதோ பில்லைப் புரட்ட ஆரம்பித்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. கணபதி நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னான். “அக்கா, எனக்கு ரயிலே போதும். அதுல போறவன் தப்பான ஊர்ல எறங்கினாலும் தமிழ்லதான் திட்டுவான்.”

வரியை டிக்கெட்டில் அடக்கிவிட்டார்கள், ஆனால் டிக்கெட் வாங்க வருகிறவரை எந்த டிக்கெட்டிலும் அடக்க முடியவில்லை என்பதால் அந்த ஜன்னலோர மேஜையில் இன்றைக்கும் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன்.